ஆர்வோ மரத்தில் இல்லை

ஆர்வோ மரத்தில் உட்கார்ந்திருந்தான். ஏறவே மாட்டேன் என்று மனைவி மார்லிஸிடம் சத்தியம் செய்து முழுதாக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மதியம் இரண்டு மணி இருக்கும். தரையிலிருந்து பதினைந்து அடி உயரத்தில், ஒரு மேப்பிள் மரத்தோடு வாரால் தன்னைக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்னாலிருந்து மார்லிஸ் தன் வேட்டைப் பரணில் உட்கார்ந்திருந்தாள். எதிரே போன வருஷம் மரம் வெட்டிய வெளி, இருநூறு கஜ தூரத்துக்கு வெறும் பனியும் அடிக்கட்டைகளும். அதற்கப்பால் மேடு. மேட்டின் விளிம்பில் அந்தப் பெரிய ஹெம்லாக் மரம், அதன் பாதி உயரத்தில், கறுத்த ஊசி இலைகளுக்கு நடுவே, சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. அந்தக் கோட்டை எங்கே கண்டாலும் அவள் அடையாளம் சொல்வாள். ஆர்வோவின் அப்பா போட்டது, அவருக்கு முன்னால் அவருடைய அப்பா போட்டது. வருஷம் பூராவும் பெட்டியில் கிடந்து நவம்பர் பதினைந்தாம் தேதி, மான் வேட்டைப் பருவம் தொடங்கும் அன்றைக்குத்தான் வெளியே வரும், பாச்சா உருண்டை வாசனையோடு.

ஜூலையில் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் இருதய ரத்தநாளத்துக்குள் இரண்டு சின்னக் குழாய்களை வைத்து அனுப்பினார்கள். மரம் ஏறும் சோலியே இனி வேண்டாம், மேலே இருக்கும்போது ஒன்று ஆகிவிட்டால் உங்களை இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று டாக்டர் பச்சையாகவே சொன்னார். ஆர்வோ இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டான். கடைசியில் அவன் தம்பி ரூடி செப்டம்பரில் வந்து ஹெம்லாக்கிலிருந்த பழைய பரணைப் பிரித்து, ஏணியையும் கழற்றிக்கொண்டு போய், மேட்டின் அடியில் ஒரு பலகைக் குடிசை கட்டிக் கொடுத்தான். உள்ளே நாற்காலி, கேஸ் ஹீட்டர், நாலு பக்கமும் சின்ன ஜன்னல். ராஜா மாதிரி உட்கார்ந்து மான் சுடலாம். அப்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தவன், போன வாரம்தான் சரி என்று சமையலறை மேஜையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

மனுஷன் செய்த சத்தியத்தின் லட்சணம் இதோ, இருநூறு கஜத்துக்கு அப்பால் கிளையில் குந்தியிருக்கிறது.

அவளுக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. கைபேசி அந்தக் காட்டில் வேலை செய்யாது. கையடக்க ரேடியோவை எடுத்து, உறைந்துபோன விரலால் பொத்தானை அழுத்தினாள்.

"இறங்கு" என்றாள்.

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு அவன் குரல், வாயில் எதையோ மென்றுகொண்டு.

"எங்கேருந்து?"

"காதுல பூ சுத்தாத ஆர்வோ. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மரியாதையா இறங்கு."

குடிசையில்தான் இருக்கிறேன், ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு கறி அடைத்த பேஸ்டி தின்றுகொண்டிருக்கிறேன், கெட்சப் கொண்டுவர மறந்துவிட்டாய், அதற்கு வேண்டுமானால் நான்தான் உன்னிடம் கோபப்பட வேண்டும் என்றான். அவள் பொத்தானை விட்டாள். நல்லவன்தான் அவன், ஆனால் பொய் சொல்லக் கூச்சமே இல்லாதவன். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டு, மீன் பிடிக்கும் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். கண்டுபிடித்து முகத்துக்கு நேரே நீட்டியபோதும் அது ரூடியுடையது என்று கண் சிமிட்டாமல் சொன்னவன்.

மறுபடியும் பார்த்தாள். உட்கார்ந்திருக்கும் விதமே சரியில்லை. பரணைத்தான் பிரித்தாயிற்றே, வெறும் கிளையில்தான் இருந்தான். அதுவும் தொடையை வைத்து உட்காரவில்லை. குந்தியிருந்தான். முழங்கால் இரண்டும் மார்புக்கு மேலே வந்திருந்தன. முதுகு வளைந்து, தோள் உயர்ந்து, கோட்டு அவனைச் சுற்றிப் புடைத்துக்கொண்டிருந்தது. வார் இல்லை. கை எதையும் பிடித்த மாதிரியும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயதில், நெஞ்சில் இரண்டு குழாயோடு.

பைனாகுலர் இருந்தால் முகத்தையே பார்த்திருக்கலாம். அது ரூடியின் வண்டிச் சீட்டில் கிடந்தது. காலையில் எந்தத் தெர்மாஸில் யாருடைய காப்பி என்று ஆர்வோவுடன் ஒரு சண்டை, அந்தச் சண்டையில் மறந்துவிட்டு இறங்கினாள். மடியில் துப்பாக்கி இருந்தது, அதன்மேல் குறிபார்க்கும் லென்ஸும் இருந்தது. ஆனால் அதில் மனிதனைப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. லென்ஸ் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குழலும் பார்க்கிறது. பத்து வயதில் முதல் துப்பாக்கி கையில் வரும்போதே அந்த ஊர்ப் பிள்ளைகளின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது. ஒருமுறை ரூடியின் மச்சான் ஒருவன் அப்படிப் பார்த்தான் என்று தெரிந்து, அன்றைக்கே மூட்டை கட்டச் சொன்னார்கள். அதற்கப்புறம் அவனை யாரும் வேட்டைக் காம்ப்புக்குக் கூப்பிட்டதில்லை.

அவள் ரூடியைக் கூப்பிட்டாள். அவன் ஓடைக்கு அந்தப் பக்கம், அரை மைல் தள்ளி வேறொரு பரணில் இருந்தான். உன் அண்ணன் எங்கே என்று கேட்டதும், குடிசையில் விட்டு, ஹீட்டரைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னான். சொன்ன வேகமே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அண்ணனும் தம்பியும் ஒருவருக்கு ஒருவர் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பது இந்தக் குடும்பத்தில் புதிதா என்ன.

"சாயங்காலம் வண்டியோட வரேன்ல, அப்ப உன் கண்ணாலயே பாத்துக்கோ. அதுவரைக்கும் இறங்கிறாத மார்லிஸ், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றான் ரூடி.

அதுதான் காம்ப்பின் சட்டம். இருட்டி, வண்டி ஹாரன் கேட்கும்வரை யாரும் பரணை விட்டு இறங்கக் கூடாது. பக்கத்து நிலங்களிலிருந்து எல்லை தெரியாமல் வருகிற ஆட்கள் எது அசைந்தாலும் சுடுவார்கள். அவளும் இருபது வருஷமாக அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள்தான். இல்லாவிட்டால் எப்போதோ இறங்கிப் போய் அந்த மரத்தடியில் நின்று கத்தியிருப்பாள்.

காற்று நின்றுவிட்டது. பனி பெய்யப்போகும் நாளின் இரும்பு வாசனை எங்கும் இருந்தது. கறுந்தலைச் சிக்கடிக் குருவி ஒன்று வந்து அவள் பூட்ஸ் முனையில் உட்கார்ந்தது, பிறகு துப்பாக்கிக் குழலில், பிறகு முழங்காலில். மரத்தில் நாள் முழுக்க ஆடாமல் இருப்பவர்களிடம் அது இப்படித்தான் உரிமை கொண்டாடும், மனிதனா மட்டையா என்ற வித்தியாசம் அதற்கு மறந்துபோகும். வேறொரு நாளாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசித்திருப்பாள். இன்றைக்குச் சூ என்றாள். அது பறந்து மற்றக் குருவிகளோடு சேர்ந்துகொண்டது. கூட்டம் வெளியின் ஓரமாகவே மரம் மரமாகத் தாவிப் போய், ஹெம்லாக்குக்கு முந்திய மரத்தில் நின்று, தரையோடு தரையாகத் தாழ்ந்து, பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு, ஹெம்லாக்கைத் தாண்டிய மரத்தில் ஏறியது.

அவள் அதைக் கவனித்தாள். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு அவன் இடம் மாறியிருந்தான். மாறியதை அவள் பார்க்கவில்லை. தெர்மாஸ் மூடியைத் திருகக் குனிந்து நிமிர்வதற்குள், இன்னும் நாலடி மேலே, வேறொரு கிளையில், அதே குந்தலில். அதுவும் அடிமரத்தை ஒட்டி இல்லை, கிளையின் நுனிக்குப் பக்கத்தில். அவள் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும் அந்த இடம். ஆர்வோ நூற்றுத் தொண்ணூறு பவுண்டு எடை.

கிளை வளையவே இல்லை.

அப்போதே வேறு மாதிரி யோசித்திருக்க வேண்டும். கோபம் வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் கோபத்துக்குச் சாதகமாகவே புத்தி மாற்றிக்கொள்கிறது. தூரம், இலை மறைக்கிறது, அடியில் இன்னொரு கிளை இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ரேடியோவை எடுத்தாள்.

"உன் மண்டைல என்னதான் இருக்கு? விழுந்து செத்தா உன்னை யாரு சுமந்துக்கிட்டுப் போறது, நானா?"

"மார்லிஸ், போதும்."

"போதுமா? ஆஸ்பத்திரில ஒன்பது நாள் நாற்காலில தூங்கினவ நான். எனக்குப் போதும்னு நீ சொல்றியா? மரத்துலதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கோ. அது போதும் எனக்கு. அப்புறம் இறங்கு, இறங்காம போ."

அவன் பெருமூச்சு விடுவது கேட்டது. காலையிலிருந்து ஒரு மான் காதுகூடக் கண்ணில் படவில்லை, உன் கத்தலுக்கு எல்லாம் கனடாவுக்கே ஓடியிருக்கும் என்றான். பிறகு அவன் குரலும் கெட்டது.

"சரி. நான் வெளிய வரேன். எந்த மரம்? அப்பாவோட பழைய மரமா? அதுக்கு அடியில வந்து நிக்கிறேன். நல்லாப் பாத்துக்கோ. பாத்துட்டு இந்த சனியன் பிடிச்ச ரேடியோவை ராத்திரிவரைக்கும் தொடாத."

"வா. வாயேன் பாக்கலாம்" என்றாள் மார்லிஸ்.

கண்ணை எடுக்காமல் ஹெம்லாக்கையே பார்த்தாள். இப்போது இறங்கியாக வேண்டுமே, எப்படி இறங்குகிறான் பார்க்கலாம் என்று. கட்டம் போட்ட கோட்டு அசையவில்லை.

மேட்டின் அடியில் குடிசைக் கதவு திறந்தது.

உள்ளே ஹீட்டரின் செம்மஞ்சள் வெளிச்சம். அதை மறைத்துக்கொண்டு ஓர் ஆள். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கோட்டு, தலையில் ஆரஞ்சுத் தொப்பி. கையை உயர்த்தி அவள் பக்கம் பெரிதாக ஆட்டினான், பார்த்துக்கொள் என்பது போல. பிறகு, கோபத்தில் நடக்கும்போது வழக்கமாக நடப்பதுபோலத் தோளை முன்னால் தள்ளிக்கொண்டு, பனியில் காலை இழுத்து இழுத்து, மேட்டில் ஏறத் தொடங்கினான்.

ஆர்வோ கீழே இருந்தான்.

அவன் நாள் முழுக்கக் கீழேதான் இருந்திருக்கிறான்.

மார்லிஸ் துப்பாக்கியின் பூட்டைப் பின்னால் இழுத்து இழுத்துத் தள்ளினாள். தோட்டா ஒவ்வொன்றாக மடியில் விழுந்தது. அறைக்குள் விரலை விட்டுக் காலி என்று தடவிப் பார்த்தாள். அப்புறம், வாழ்நாளில் முதல்முறையாக, அந்த லென்ஸை மனித உருவத்தின்மேல் வைத்தாள்.

கோட்டு அதே கோட்டு. ஆனால் பழசு. நிறம் மங்கி, முழங்கைகளில் பாசி பிடித்திருந்தது. தொப்பி இல்லை. பூட்ஸ் இல்லை. வெறுங்கால், பனிக்காலத்தில். விரல்கள் நீளமாகக் கிளையைச் சுற்றி வளைந்து அடியில் ஒன்றோடொன்று கோத்திருந்தன. தலையைத் தேடினாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. லென்ஸை மெல்ல நகர்த்தினாள். தலை பின்பக்கமாக முழுதும் திரும்பி, முகம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, கோட்டு முதுகுக்குள் புதைந்திருந்தது. நரைத்த பின்மண்டை மட்டும் தெரிந்தது. கோழி தூங்குமே, அப்படி.

தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆர்வோ, வராத" என்றாள் ரேடியோவில். "நான் தப்பா சொல்லிட்டேன். நீ குடிசைலதான் இருந்த. ஒத்துக்கிறேன். திரும்பிப் போ."

"இப்ப ஒத்துக்கிறியா? ரெண்டு மணி நேரமா என் உசுரை வாங்கிட்டு, பாதி மேடு ஏறினப்புறம் திரும்பிப் போன்னா என்ன அர்த்தம்?" மூச்சு வாங்கியது அவனுக்கு. "அடியில நின்னு காட்டிட்டுத்தான் போவேன்."

"சொன்னாக் கேளு. அந்த மரத்துல ஆள் இருக்கு."

"தெரியும் தெரியும். நான்தான் இருக்கேன்னு மத்தியானத்திலேருந்து சொல்லிக்கிட்டிருக்க."

அவள் அழுதேவிட்டாள். எதைச் சொல்லியும் நம்ப மாட்டான். தான் அவனை நம்பாததுபோலவே. ரூடியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. வானத்தை நோக்கிச் சுடலாம் என்று மடியைத் தடவினாள், மரத்துப்போன கை பட்டு எல்லாத் தோட்டாவும் பரண் விளிம்பில் உருண்டு, ஒவ்வொன்றாகக் கீழே பனிக்குள் போய்விட்டது. கூச்சல் போட்டாள். அந்த வெளியில் அவள் குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை.

ஆர்வோ மரத்தடிக்கு வந்துவிட்டான். அவள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். அப்புறம், அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று, சும்மா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான்.

விரித்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. பார்த்தபடியே நின்றான். ரேடியோ கரகரத்தது.

"மார்லிஸ்" என்றான். வெகு மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "ஒரு ஆள் இருக்குன்னுதானே சொன்ன?"

அவள் பொத்தானை அழுத்தினாள். ஓடு என்று சொல்ல ஒரு நொடி குனிந்து ரேடியோவை உதட்டருகில் கொண்டுபோனாள்.

நிமிர்ந்தாள்.

மரத்தடியில் ஆள் இல்லை.

காலடித் தடம் குடிசையிலிருந்து மேடு ஏறி, அடிமரம்வரை போயிருந்தது. திரும்பி வரவில்லை. மேலிருந்து ஆரஞ்சுத் தொப்பி ஒன்று கிளைகளில் தட்டித் தட்டி இறங்கிப் பனியில் விழுந்தது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தப், தப், தப் என்று கனத்த அடிப்பு, கிளை முனகும் ஓசை, பிறகு அமைதி. பிறகு இன்னொன்று. காட்டு வான்கோழிகள். அந்தி நேரத்தில் ஒவ்வொன்றாக எழும்பி மரத்தில் அடையும். எத்தனையோ சாயங்காலம் கேட்ட சத்தம். வான்கோழிகள்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். எண்ணினாள். ஏழு. ஒன்பது. பத்து. எல்லாம் ஹெம்லாக்கில்.

லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

கோட்டுகள். சிவப்புக் கட்டம். நீண்ட ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி, குந்தியபடி, வரிசையாக. சில புதுசு. சில நைந்து நூலாகத் தொங்கின. ஒருவர் தலையும் முன்பக்கம் இல்லை. எது ஆர்வோ என்று தெரியவில்லை. தொப்பி கீழே கிடந்தது. எல்லாம் ஒரே கோட்டு.

வாரைக் கழற்றப் பார்த்தாள். கொக்கி உறைந்திருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். வரவில்லை. சட்டமாவது மண்ணாவது, இறங்கி அவனிடம் போயாக வேண்டும். நான்தான் அவனை அங்கே அனுப்பினேன். நான்தான். கொக்கி அசையவே இல்லை.

"ஆர்வோ" என்றாள் ரேடியோவில். "ஆர்வோ, எங்க இருக்க?"

கரகரப்பு. பிறகு அவன் குரல். மூச்சிரைப்பு இல்லை. கோபம் இல்லை. ஒரு நாளும் அவன் அவ்வளவு சாந்தமாக அவளிடம் பேசியதில்லை.

"ஆமா மார்லிஸ். மரத்துலதான் இருக்கேன்."

கிளையில் அசைவு ஓடியது. ஒரு தலை கோட்டு முதுகிலிருந்து வெளியே வந்து, மெல்லச் சுற்றித் திரும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டு முகமும், பதின்மூன்றாவதாக அவள் கணவன் முகமும். கம்பியில் குருவிகள் நகர்ந்துகொள்வதுபோல, கால் மாற்றிக் கால் மாற்றி, எல்லோரும் ஒருபக்கமாக நகர்ந்தார்கள். ஆர்வோ மட்டும் நகரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெறுங்கிளை தெரிந்தது. நகர்ந்து முடித்து, அவள் பக்கம் பார்த்தபடி, அவர்கள் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்கள்.